தகப்பன் சொத்தும் பத்து வெள்ளியும்

பைராம் தோட்டத்துத் தோழர்களே, தாய்மார்களே!

துன் வீ. தி. சம்பந்தன் பேரைக் கேட்காத பெரியவர்கள் நம் லயத்தில் இல்லை. ஆனால் அவர் செய்தது என்ன என்று கேட்டால் இளசுகள் முழிக்கிறார்கள். ஆகவே இந்த வாரம் அவர் கதையைச் சொல்கிறோம்.

1919-ல் பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தகப்பனார் வீராசாமி தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்து, பாடுபட்டு ரப்பர் தோட்டத்துக்கே சொந்தக்காரர் ஆனவர். மகன் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வரை போய்ப் படித்தார். அங்கே காந்தியடிகளின் வழி மனசில் பதிந்துவிட்டது. ஊர் திரும்பியவர் சொத்தைக் காவல் காத்து உட்கார்ந்திருக்கவில்லை. 1954-ல் சுங்கை சிப்புட்டில் ஏழைப் பிள்ளைகளுக்காக மகாத்மா காந்தி கலாசாலை எழுந்தது. மறு வருஷமே ம.இ.கா. தலைவர், தொழில் அமைச்சர்.

அந்தக் காலத்தில்தான் துண்டாடல் என்ற இடி நம் தலையில் விழுந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் கூறு போட்டு விற்றார்கள். வேலை போனது. வேலையோடு வீடும் போனது. சட்டி பானையோடு நம் சனம் ரோட்டுக்கு வந்தது.

துன் ஒரு வழி கண்டார். விற்கிற தோட்டத்தை நாமே வாங்கினால் என்ன? 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பங்கு நூறு வெள்ளி, மாதம் பத்துப் பத்தாகக் கட்டலாம். அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிப் பங்கு கேட்டார். பக்கத்துக் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் தொழிலாளர் காசில் வாங்கப்பட்டது. பிறகு இன்னும் பல.

எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடியவில்லை, உண்மைதான். ஆனால் பால் வெட்டுகிறவனும் தோட்டத்துக்குப் பங்காளி ஆகலாம் என்பதை நாடு கண்ணால் பார்த்தது.

1979 மே 18-ல் அவர் கண் மூடினார். தகப்பன் விட்டுப்போன நிலத்தில் பெரும்பகுதி பொதுக் காரியத்துக்கும் இல்லாதவர்களுக்கும் என்று அதற்குள் கைமாறியிருந்தது. பதவிக்கு வந்து சொத்துச் சேர்த்தவர்கள் உண்டு. இவர் சொத்தைக் கரைத்தவர்.

அவர் மட்டுமா? அரை வயிற்றோடு மாசம் பத்து வெள்ளி ஒதுக்கினார்களே, நம்ம அப்பன், ஆத்தா, தாத்தா! அன்றைக்கு அது சில நாள் கூலி. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளும் பொதுத்தொண்டைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள்தான்.

இன்று நம் பிள்ளைகள் நம்மிடம் எதைப் பார்க்கிறார்கள்? பள்ளிக்கூடத்துக் கூட்டம், கோயில் வேலை, சங்கச் சந்தா என்று வரும்போது நாம் முன்னே நிற்கிறோமா, ஒதுங்குகிறோமா? அவர்கள் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள், தோழர்களே.