பெயர் தெரியாமல் உயிர் காத்த டாக்டர் சுப்பாராவ்

காரைக்கால் வட்டாரத்தில் குரும்பகரம் என்று ஓர் ஊர் உண்டு. காவிரியின் கிளைகள் கடலைத் தொடும் பூமி அது. தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் தண்ணீர் தேங்கும் இடத்தில் கொசுவும் இருக்கும். கொசு இருக்கும் இடத்தில் யானைக்கால் வியாதியும் வரும். ஒரு காலத்தில் இந்த வியாதி அந்தக் கடற்கரைப் பகுதி மக்களைப் படாத பாடு படுத்தியது.

1980-களில் காரைக்காலில் அரசாங்கம் ஒரு புதுமையான ஏற்பாட்டைச் செய்தது. மக்கள் வாங்கும் சமையல் உப்பிலேயே யானைக்கால் மருந்தைச் சிறிதளவு கலந்து விற்றார்கள். சாதாரணமாகச் சோறும் குழம்பும் சாப்பிட்டாலே போதும், மருந்தும் உள்ளே போய்விடும். வியாதிக்குக் காரணமான புழுக்குஞ்சுகளை இரத்தத்தில் சுமந்தவர்களின் தொகை வெகுவாகக் குறைந்தது.

அந்த மருந்தின் பெயர் டை எதில் கார்பமசின். அதை உலகத்துக்குக் கொடுத்த ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் நம் சென்னையில் படித்த ஓர் இந்தியர். அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

இன்றைக்குச் சர்க்கரை வியாதிக்காரர்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலினை, பாக்டீரியா என்ற கண்ணுக்குத் தெரியாத உயிருக்குள்ளே தயாரிக்கிறார்கள். அந்த அதிசயத்துக்குப் பின்னாலும் இதே மனிதரின் உழைப்பு மறைந்திருக்கிறது. அது எப்படி என்பதை அறிய, அவருடைய கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

மூன்றாம் முறை தேறியவர்

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி ஆந்திரத்தில் பீமாவரத்தில் பிறந்தார். அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தகப்பனாருக்கு ரெவின்யூ இலாகாவில் சிறு உத்தியோகம். வீட்டில் ஏழு குழந்தைகள். வரும்படி போதவில்லை.

பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை. பதின்மூன்றாம் வயதில் வீட்டை விட்டு ஓடினான். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகிவிடலாம் என்பது அவன் எண்ணம். தாயார் வெங்கம்மா விடவில்லை. பிடித்து இழுத்து வந்து மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்.

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை தோல்வி. மூன்றாம் முறை, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து ஒருவாறாகத் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கணக்கில் பிரியம் உண்டாயிற்று. ஆனால் மனம் துறவை நாடியது. இராமகிருஷ்ண மடத்தில் சந்நியாசியாகச் சேர விரும்பினார். தாயார் சம்மதிக்கவில்லை. அப்படியானால் வைத்தியம் படித்து ஏழைகளுக்குத் தொண்டு செய்யலாம் என்று தீர்மானித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

கதர் அங்கியும் பட்டமும்

காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்கச் சொன்ன காலம் அது. சுப்பாராவ் ஆப்பரேஷன் அறைக்கே கதர் அங்கி அணிந்து போனார். அறுவை வைத்தியப் பேராசிரியரான ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளை நன்றாக எழுதியும், சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கைக்கு வந்தது. அரசாங்க வைத்திய உத்தியோகத்துக்கு வழி அடைபட்டது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார்.

இதற்கிடையில் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. ஸ்ப்ரூ என்ற கொடிய வயிற்றுப்போக்கு வியாதி அவருடைய சகோதரர்கள் இருவரைச் சில நாட்கள் இடைவெளியில் பலி கொண்டது. சுப்பாராவும் அதே வியாதியில் படுத்தார். ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லக்ஷ்மிபதியின் சிகிச்சையால் பிழைத்து எழுந்தார். பிழைத்தவர் மனத்தில் ஒரு வைராக்கியம் பிறந்தது. இந்த வியாதிக்கு மருந்து காண வேண்டும். அதற்கு மேல்நாடு போய்ப் படிக்க வேண்டும்.

கப்பல் ஏறினார்

1919-இல் அவருக்கும் சேஷகிரி என்ற பெண்ணுக்கும் கல்யாணம் நடந்திருந்தது. மாமனார் பண உதவி செய்தார். காக்கிநாடாப் பக்கத்துத் தர்ம ஸ்தாபனம் ஒன்றும் உதவியது. மூன்று வருஷத்தில் திரும்பி விடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

அவர் திரும்பவே இல்லை. அவர் போன பிறகு பிறந்த ஆண் குழந்தை, தகப்பன் முகம் பார்க்காமலே சிசுவாக இறந்துபோயிற்று. சேஷகிரி அம்மாள் ஊரிலேயே காத்திருந்தார். தம்பதிகள் மறுபடி சந்திக்கவே இல்லை. சுப்பாராவின் வெற்றிகளுக்கெல்லாம் இந்த அம்மாள் கொடுத்த விலை மிகப் பெரிது.

பாஸ்டன் நகரில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது கையில் காசில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைச் சுத்தம் செய்வது அதில் ஒரு வேலை. இரவில் அந்த ஊழியம், பகலில் படிப்பு. இப்படியே உஷ்ண நாட்டு வியாதிகள் பற்றிய டிப்ளோமாவைப் பெற்றார்.

உடம்பின் நெருப்பு

பிறகு பிஸ்கே என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். இரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க இருவரும் 1925-இல் ஒரு சுலபமான முறையைக் கண்டார்கள். மருந்தைக் கலந்தால் நீல நிறம் தோன்றும். நீலம் எவ்வளவு அழுத்தமோ, பாஸ்பரஸ் அவ்வளவு அதிகம். பிஸ்கே, சுப்பாராவ் இருவர் பெயரையும் அந்த முறை இன்றும் தாங்கி நிற்கிறது.

அந்த நீல நிறத்தைப் பின்பற்றிப் போனபோது தசைக்குள் ஒரு புதையல் அகப்பட்டது. 1929-இல் ஏ.டி.பி. என்று சுருக்கமாக வழங்கும் ஒரு பொருளை அவர்கள் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் லோமான் என்பவரும் அதே ஆண்டில் தனியாக இதைக் கண்டார். அடுப்புக்கு விறகு எப்படியோ, உயிருக்கு ஏ.டி.பி. அப்படி. நாம் கை அசைப்பதும், இதயம் துடிப்பதும், பாக்டீரியா வளர்வதும் இந்தப் பொருள் கொடுக்கும் சக்தியால்தான்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தர உத்தியோகம் கிடைக்கவில்லை. 1940-இல் நியூயார்க் அருகே பேர்ல் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லி மருந்துக் கம்பெனிக்கு ஆராய்ச்சிப் பொறுப்பாளராகப் போனார்.

எட்டு ஆண்டுகளில் எத்தனை மருந்துகள்!

அங்கே அவர் தலைமையில் நடந்த வேலை மலைக்க வைக்கும். 1945-இல் போலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செயற்கையாகச் செய்தார்கள். சகோதரர்களைக் கொன்ற அதே ஸ்ப்ரூ வியாதியை அது குணப்படுத்தியது. அன்று செய்துகொண்ட வைராக்கியம் நிறைவேறியது. இன்று நம் நாட்டில் கர்ப்பிணிப் பெண்களுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையிலும் போலிக் அமிலம் சேர்ந்திருக்கிறது.

போலிக் அமிலத்தைப் போலவே உருவமைந்து, அதன் வேலையைத் தடுக்கும் மருந்து ஒன்றையும் அந்தக் குழு செய்தது. அதைக் கொண்டு பாஸ்டனில் டாக்டர் பார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளின் நோயைச் சிறிது காலம் தணித்துக் காட்டினார். அதற்குமுன் அந்த நோயை இப்படித் தணித்தவர் இல்லை. 1947-இல் யானைக்கால் மருந்து வெளிவந்தது.

தாவர நிபுணரான டக்கர் என்ற முதியவர் சுப்பாராவின் ஆராய்ச்சிக் கூடத்தில் மண்ணை ஆராய்ந்து கொண்டிருந்தார். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து அவர் ஆரியோமைசின் என்ற பொன்னிற மருந்தைக் கண்டார். அது பலவகைக் கிருமிகளைக் கட்டுப்படுத்தியது. 1948-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இதே மருந்திலிருந்து ஒரு குளோரின் அணுவை நீக்கி, வேறு விஞ்ஞானிகள் பின்னால் டெட்ராசைக்ளின் என்ற மருந்தைச் செய்தார்கள்.

அந்த 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் இரவில் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது. வயது 53. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்தும் அவர் அமெரிக்கக் குடிமகன் ஆகவில்லை. இந்தியராகவே மறைந்தார்.

கிருமிக்குள் ஒரு வளையல்

இனி இன்சுலின் கதைக்கு வருவோம்.

பாக்டீரியாவின் உடம்புக்குள் அதன் பிரதான மரபணுத் தொகுதி இருக்கிறது. அதோடு, பலவகைப் பாக்டீரியாக்களில் சின்னஞ்சிறு வளையல் போன்ற தனி மரபணு வட்டமும் உண்டு. இதற்குப் பிளாஸ்மிட் என்று பெயர். சுப்பாராவ் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1952-இல்தான் இந்தப் பெயரே சூட்டப்பட்டது. பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போது வளையலும் நகல் எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் போகும்.

1973-இல் கலிபோர்னியாவில் கோஹன், பாயர் என்ற இரு விஞ்ஞானிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் இந்த வளையலை வெட்டி, வேறொரு மரபணுவை இடையில் வைத்து ஒட்டி, மறுபடி பாக்டீரியாவுக்குள் செலுத்திக் காட்டினார்கள். பொருளை ஏற்றிச் செல்லும் வண்டி போல அந்த வளையல் வேலை செய்தது.

நகை செய்யும் பத்தரைப் பார்த்திருப்பீர்கள். வளையலை வெட்டி, நடுவில் ஒரு துண்டு சேர்த்து, பொடி வைத்து நெருப்பை ஊதிப் பற்றவைப்பார். இங்கே வெட்டுவதற்கு ஒரு நொதி. ஒட்டுவதற்கு லைகேஸ் என்ற இன்னொரு நொதி. நெருப்பு எது? இன்று ஆராய்ச்சிக் கூடங்களில் பெரிதும் வழங்கும் டி-4 லைகேஸுக்கு, 1929-இல் சுப்பாராவ் கண்ட ஏ.டி.பி.தான் நெருப்பு. அது இல்லாவிட்டால் ஒட்டு விழாது.

அடுத்த சங்கடம் ஒன்று உண்டு. கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் வெகு சிலதான் வளையலை ஏற்றுக்கொள்ளும். அவற்றைப் பொறுக்கி எடுப்பது எப்படி? வளையலில் முன்கூட்டியே ஒரு கவச மரபணுவை வைத்திருப்பார்கள். அந்த மரபணு இருக்கும் பாக்டீரியாவை டெட்ராசைக்ளின் மருந்து கொல்லாது. பாக்டீரியாவின் உணவில் அந்த மருந்தைக் கலந்துவிட்டால், வளையல் இல்லாதவை பெருக முடியாமல் ஒழியும். வளையல் உள்ளவை மட்டும் பெருகும். சல்லடை தானாகச் சலித்துக் கொடுத்துவிடும். 1973-இல் பயன்பட்ட வளையலில் இருந்தது இந்த டெட்ராசைக்ளின் கவசம்தான். 1977-இல் வந்து உலகப் புகழ் பெற்ற இன்னொரு வளையலிலும் அதுவே இருந்தது. சுப்பாராவின் ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்த ஆரியோமைசினின் பிள்ளை இப்படிச் சல்லடையாயிற்று. இன்று வேறு மருந்துகளையும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் மரபணுவை உள்ளே அனுப்பினால் மட்டும் புரதம் உண்டாகாது. மனித மரபணுவை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று பாக்டீரியாவுக்குத் தெரியாது. அதற்குப் புரியும் தொடக்கக் குறி ஒன்றை மரபணுவுக்கு முன்னால் வைக்க வேண்டும். அதைக் கண்டதும் பாக்டீரியா தன் புரதத்தைச் செய்வது போலவே நமக்கு வேண்டிய புரதத்தையும் செய்யும். நல்ல உணவும் கதகதப்பும் இருந்தால் இந்தப் பாக்டீரியா இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்து மணி நேரத்தில் ஒன்று நூறு கோடிக்கு மேல் ஆகிவிடும். அத்தனையும் ஒரே சரக்கைச் செய்யும் தறிகள்!

1978-இல் இந்த முறையில் மனித இன்சுலினைச் செய்தார்கள். 1982-இல் அமெரிக்காவில் அதை விற்க அனுமதி கிடைத்தது. அதுவரை பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்துதான் இன்சுலின் எடுத்துவந்தார்கள். இப்போது சில கம்பெனிகள் பாக்டீரியாவுக்குப் பதில் ஈஸ்ட்டைப் பயன்படுத்துகின்றன.

ஓர் எச்சரிக்கையும் இதில் உண்டு. இந்த வளையல்களும் கவசங்களும் மனிதன் படைத்தவை அல்ல. இயற்கையிலேயே கிருமிகள் ஒன்றுக்கொன்று இவற்றைக் கைமாற்றிக் கொள்கின்றன. டாக்டரைக் கேட்காமல் கிருமிக்கொல்லி மாத்திரைகளை விழுங்கினால், கவசமில்லாத கிருமிகள் அழிந்து, கவசமுள்ளவை பெருகும். பிறகு நிஜமாகவே ஆபத்து வரும்போது மருந்து பலிக்காது. சல்லடை நம் வயிற்றிலும் வேலை செய்யும் என்பதை மறக்கலாகாது.

பெயர் தேடாத பெரியவர்

சுப்பாராவ் விளம்பரத்தை விரும்பியவரல்ல. கூட இருந்தவர்களை முன்னே நிறுத்திவிட்டுப் பின்னால் நின்றுகொள்வார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரு காளான் இனத்துக்கு அவர் நினைவாக சுப்பாரோமைசஸ் என்று பெயரிட்டார்கள். 1995-இல் அவருடைய நூற்றாண்டுக்கு இந்திய அரசாங்கம் தபால் தலை வெளியிட்டது.

கர்ப்பிணிக்கு மாத்திரை, குழந்தையின் புற்றுநோய்க்கு முதல் நிவாரணம், யானைக்காலுக்கு மருந்து, இன்சுலின் தொழிற்சாலைக்கு நெருப்பும் சல்லடையும்! இவை அத்தனையும் ஒருவருடைய வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கின்றன. அவர் பள்ளி இறுதிப் பரீட்சையில் இரண்டு முறை தோற்றவர். நம் வீட்டிலும் பரீட்சையில் தவறிய பிள்ளை இருந்தால், வெங்கம்மாவைப் போல் இன்னொரு தடவை பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைப்போம்.