கண்டி தந்த கல்விச் செம்மல் அறிஞர் சித்திலெப்பை

புகழனைத்தும் ஏக இறைவனாம் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. இவ்வாண்டு மலரில் நம் ஜமாஅத்தார் நினைவுகூர வேண்டிய பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுத எண்ணியபோது, நம் மக்தப் மதரஸாவில் மாலை வேளையில் வந்து அமரும் பிள்ளைகளே நம் மனக்கண்முன் நின்றனர். அவர்களுள் சிலர் வீட்டில் உருது பேசுவோர். சிலர் தமிழ் மட்டுமே அறிந்தோர். பாலக்காட்டுப் பக்கம் உறவுடைய வீட்டுப் பிள்ளைகளோ மலையாளம் கலந்து பேசுவர். பகலில் பலர் பயில்வது ஆங்கில வழிக் கல்வி. உஸ்தாது அரபு எழுத்தைக் கற்பிக்கின்றார். ஒரே பாயில் இத்தனை மொழிகள்! இதே நிலையை நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே கண்டு, அதற்காகத் தம் வாழ்வையும் பொருளையும் செலவிட்டவர்தாம் இலங்கையின் அறிஞர் மு.கா. சித்திலெப்பை அவர்கள்.

முஹம்மது காசிம் சித்திலெப்பை அவர்கள் 1838-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் மலைநகராம் கண்டியில் பிறந்தார்கள். தந்தையார் வழக்கறிஞர், இலங்கை முஸ்லிம்களுள் முதன்முதல் அத்தொழிலுக்கு வந்தவர் எனக் குறிப்பிடப்படுபவர். தமையனார் மார்க்கக் கல்வி கற்ற ஆலிம். ஆக, ஒரே வீட்டில் சட்டப் புத்தகமும் கிதாபும் அருகருகே இருந்தன. இளமையிலேயே தமிழ், அரபு, ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் அவர்கள் தேர்ச்சி பெற்றது இந்த வீட்டுச் சூழலால்தான் என்றே நாம் கருதுகின்றோம். பின்னர் தந்தையாரின் வழியிலேயே வழக்கறிஞரானார்கள். கண்டி மாநகர சபை உறுப்பினராகவும், தற்காலிக நீதிபதியாகவும் பணியாற்றினார்கள். பொருளும் மதிப்பும் குறைவின்றி வந்தன.

ஆனால், தம் மக்களின் நிலை அவர்களை உறங்க விடவில்லை. அன்றைய கண்டி முஸ்லிம்கள் வீட்டில் பேசியது தமிழ். கடைவீதியில் பேசியது சிங்களம். பள்ளிவாசலில் ஓதியது அரபு. நீதிமன்றத்திலும் அரசு அலுவலகத்திலும் எதிர்ப்பட்டது ஆங்கிலம். நான்கு மொழிகளுக்கிடையே வாழ்ந்தும் அவற்றுள் ஒன்றையேனும் செவ்வனே எழுதவும் படிக்கவும் கற்றோர் மிகச் சிலரே. பிள்ளைகள் ஓதும் பள்ளிகளுக்குச் சென்று எழுத்துக் கூட்டிக் குர்ஆனை ஓதி முடித்தனர். ஓதியதன் பொருளை அறிந்தாரில்லை. முறையான பாடசாலைகளில் பெரும்பாலானவை கிறித்தவ மிஷன்களின் கையில் இருந்தன. அங்கே அனுப்பினால் பிள்ளைகளின் ஈமான் போய்விடும் என்று பெற்றோர் அஞ்சினர். அந்த அச்சத்தை வீணானது என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அக்காலத்து மிஷன் பள்ளிகளில் பைபிள் பாடமும் சேர்ந்தே நடந்தது. இதே கவலையால்தான் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினார். 1880-இல் இலங்கை வந்த கர்னல் ஆல்காட் பௌத்தர்களுக்கெனப் பள்ளிகள் அமைய உழைத்தார். வட இந்தியாவில் சர் சையது அஹ்மத் கான் 1875-இல் அலிகாரில் கல்விக்கூடம் கண்டார். இலங்கை முஸ்லிம்களோ அதுவரை வாளாவிருந்தனர்.

இங்கே அரபுத் தமிழைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். நம் இளைஞர்களுள் பலர் அப்பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். தமிழைத் தமிழாகவே பேசி, அதனை அரபு எழுத்தால் எழுதும் முறை அது. ப, ட, ங, ள, ழ போன்ற ஒலிகளுக்கு அரபில் எழுத்து இல்லை. எனவே இருக்கின்ற எழுத்துகளுக்குப் புள்ளியும் குறியும் கூட்டிப் புதிய எழுத்துகளை நம் முன்னோர் ஆக்கிக் கொண்டனர். குர்ஆன் ஓதக் கற்ற பெண், தமிழ் நெடுங்கணக்கைப் பயிலாமலே தொழுகைச் சட்டங்களையும் மௌலூதுகளையும் வீட்டிலிருந்தே படிக்க இம்முறை வழி செய்தது. அரிய ஏற்பாடுதான். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் எத்தனையோ நூல்கள் இவ்வாறு எழுதப்பட்டன. எனினும், அரபுத் தமிழ் மட்டுமே அறிந்தவருக்கு அரசு ஆணையும் கடிதமும் நிலப் பத்திரமும் ஊமை எழுத்துகளாகவே நின்றன. நாடு வேறு எழுத்துகளில் பேசிற்று.

இந்தக் கதவைத் திறக்க வேண்டி, சித்திலெப்பை அவர்கள் 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் கண்டியிலிருந்து முஸ்லிம் நேசன் என்னும் தமிழ் இதழைத் தொடங்கினார்கள். நம் காரமடை வழியே மேட்டுப்பாளையத்துக்கு ரயில் ஓடத் தொடங்கிய 1873-ஆம் ஆண்டுக்கு ஒன்பது ஆண்டுகள் பின்னர் நடந்தது இது என்று கூறினால், காலம் எளிதில் விளங்கும். நல்ல வருமானம் தந்த வக்கீல் தொழிலை விடுத்து, இதழே கதியென நின்றார்கள். அவர்கள் திரும்பத் திரும்ப எழுதிய செய்தி ஒன்றே. அரபைப் பொருளறிந்து கற்க வேண்டும். தாய்மொழியாகிய தமிழைப் பிழையின்றி எழுதப் படிக்க வேண்டும். உலக வாழ்வுக்கு ஆங்கிலம் வேண்டும். ஒன்றைக் கற்பதால் மற்றொன்று கெடும் என்ற எண்ணத்தை அவர்கள் ஏற்கவில்லை. ஆங்கிலம் படிப்பது மார்க்கத்துக்கு முரண் என்று கருதியோர் அன்று பலர். அவர்களின் வெறுப்பையும் தாங்கிக் கொண்டார்கள்.

இதழ் தொடங்கிய சில வாரங்களிலேயே அல்லாஹ்வின் நாட்டத்தால் ஒரு துணை வந்தது. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்ற அஹ்மத் உராபி பாஷா, தம் தோழர்கள் அறுவருடன் நாடு கடத்தப்பட்டு 1883 ஜனவரியில் கொழும்பில் வந்து இறங்கினார். ஆங்கிலேயருடன் போர்க்களத்தில் மோதிய அந்தத் தளபதியே ஆங்கிலக் கல்வியை ஆதரித்துப் பேசியபோது, எதிர்த்தவர்கள் சற்றே வாயடைத்தனர். இருவரும் நெருங்கிய நண்பராயினர். 1884-இல் கொழும்பில் அல்மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா என்னும் பாடசாலையைச் சித்திலெப்பை அவர்கள் நிறுவினார்கள்.

அப்பாடசாலை நிலைக்கவில்லை. வாழ்க்கை வரலாறு எழுதுவோர் பலர் இதை ஒரு வரியில் கடந்து விடுகின்றனர். நமக்கோ இதுவே அவர்களின் வாழ்வில் மிக முக்கியமான பகுதியாகத் தோன்றுகின்றது. பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் கூடும் கூட்டம், மாதம் தோறும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய நாளில் கூடுவதில்லை என்பதை நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர் எவரும் அறிவர். அவர்கள் மனம் ஒடிந்து வக்கீல் தொழிலுக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க முடியாது. ஆனால், மீண்டும் ஊர் ஊராகச் சென்றார்கள். கண்டி, கம்பளை, குருநாகல் முதலிய இடங்களில் பாடசாலைகள் ஏற்பட உழைத்தார்கள். கற்பிப்பதற்கு ஏற்ற நூல் இல்லை என்று கண்டு, தமிழ் பேசும் பிள்ளைகள் அரபைக் கற்பதற்கான பாடநூல்களையும் தாமே எழுதினார்கள்.

1885-இல் வெளிவந்த அவர்களின் அசன்பே சரித்திரம், தமிழ் நாவல்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்றாகும். முதல் தமிழ் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் அச்சாகி ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. எகிப்தில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து கல்வியால் உயரும் ஓர் இளைஞனின் கதை அது. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவன் அடுத்து விரும்பிப் படிக்க ஏதேனும் வேண்டுமல்லவா?

1892-இல் கொழும்பு மருதானையில், ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ், கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய வாப்பிச்சி மரைக்காயர் ஆகியோரின் முயற்சியாலும் உராபி பாஷாவின் ஆதரவாலும் மத்ரஸதுஸ் ஸாஹிரா மலர்ந்தது. அது பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்து இன்றும் இயங்கி வருகின்றது. எட்டாண்டுகளுக்கு முன் கருகிப்போன விதைதான் இங்கே முளைத்தது என்று இலங்கை மக்கள் இன்றும் சித்திலெப்பை அவர்களையே முன்னோடியாகப் போற்றுகின்றனர்.

அதற்கு ஓராண்டு முன்பே, 1891-இல், கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கெனத் தனிப் பாடசாலை ஒன்றையும் அவர்கள் தொடங்கியிருந்தார்கள். பெண்ணுக்கு எழுதக் கற்பித்தால் தவறான வழியில் கடிதம் எழுதுவாள் என்று பெரியவர்கள் கூறியதை நம்மில் வயது முதிர்ந்தோர் நம் பகுதியிலேயே கேட்டிருப்பீர்கள். அப்படிப்பட்ட காலத்தில், அப்பாடசாலையை நடத்தும் பொறுப்பை அவர்கள் தம் சொந்தச் சகோதரியிடமே ஒப்படைத்தார்கள். ஊராருக்குச் சொன்னதைத் தம் வீட்டிலிருந்தே தொடங்கினார்கள்.

நம் மதரஸாவில் அழகாகக் குர்ஆன் ஓதும் பிள்ளையிடம் தமிழ் மொழிபெயர்ப்பை நீட்டினால், ஆங்கில வழியில் படிப்பதால் தமிழ் எழுத்து வராது என்று தயங்குகின்றது. வீட்டில் பேசும் உருதையும் எழுதத் தெரியாது. ஓதுகின்றது, பேசுகின்றது, தேர்வும் எழுதுகின்றது. ஆனால் ஒரு மொழியில் கற்றது மற்றொரு மொழியைச் சென்று சேரவில்லை. கண்டியில் அவர்கள் கண்டு வருந்திய காட்சியும் இதுவே.

அவர்களின் இறுதிக் காலப் படைப்பான அஸ்றாறுல் ஆலம் என்னும் மெய்ஞ்ஞான நூல் 1897-இல் வெளிவந்தது. மறு ஆண்டு, 1898 பிப்ரவரி 5-ஆம் நாள், ஐம்பத்தொன்பதாம் வயதில் சித்திலெப்பை அவர்கள் கண்டியில் வஃபாத்தானார்கள். இலங்கை அரசு 1977-இல் அவர்களின் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. அன்னாரின் மண்ணறையை வல்ல அல்லாஹ் ஒளிமயமாக்கி வைப்பானாக. ஆமீன்.