வௌவாலின் புதிரை ஆராய்ந்த குருவானவர்

மாலை மயங்கும் வேளையில் ஆலயக் கோபுரத்தைச் சுற்றி வௌவால்கள் பறப்பதை நாம் கண்டிருக்கிறோம். காரிருளிலும் அவை சுவரில் மோதுவதில்லை. இது எங்ஙனம் இயலும் என்று முறையாக ஆராய முற்பட்டவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவரே லாசரோ ஸ்பல்லன்சானி.

இத்தாலியின் வடபகுதியிலுள்ள ஸ்காண்டியானோ என்னும் சிற்றூரில் 1729ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் அவர் பிறந்தார். இயேசு சபையினரின் கல்லூரியில் பயின்றபின், சட்டம் படிக்கப் பொலோஞா நகர் சென்றார். அங்கே அவருடைய உறவினரான லாரா பாஸி என்னும் அம்மையார் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பித்து வந்தார். அக்காலத்தில் ஒரு பெண் பேராசிரியை என்பது எத்துணை பெருமைக்குரியது! அவருடைய தூண்டுதலால் ஸ்பல்லன்சானியின் மனம் அறிவியலை நாடியது. குருப்பட்டமும் பெற்ற அவர், 1769 முதல் பவியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார்.

1793ஆம் ஆண்டு, மெழுகுவர்த்தி அணைந்ததும் ஓர் ஆந்தை வழி தெரியாமல் சுவரில் மோதுவதை அவர் கண்டார். அதே இருட்டில் வௌவால்களோ தடையின்றிப் பறந்தன. உடனே சோதனைகளைத் தொடங்கினார். சில வௌவால்களின் பார்வையைப் போக்கிப் பறக்கவிட்டார். இதைப் படிக்கையில் நம் மனம் வருந்தத்தான் செய்கிறது. ஆயினும் அவை முன்போலவே பறந்தன. பேராலய மணிக்கோபுரத்தில் பிடித்துப் பார்வை நீக்கி விடப்பட்ட வௌவால்களுள் சிலவற்றைப் பின்னர் மீண்டும் பிடித்துப் பார்த்தபோது, அவற்றின் வயிறு பூச்சிகளால் நிறைந்திருந்தது!

ஆகவே கண் காரணமன்று. தொடு உணர்வு, மோப்பம், சுவை ஆகியவற்றையும் சோதித்தார், அவையும் காரணமல்ல. அச்சமயம் ஜெனீவா நகர அறிஞர் லூயி ஜூரின், காதுகளை அடைத்தால் வௌவால் தடுமாறுகிறது எனக் கண்டறிந்தார். ஸ்பல்லன்சானி அதைத் தாமே செய்து பார்த்தார். வௌவாலின் காதுகளில் மிகச் சிறிய பித்தளைக் குழாய்களைப் பொருத்தினார். குழாய் திறந்திருந்தபோது வௌவால் நன்கு பறந்தது, அடைத்தபோது மோதியது.

ஆனால் பறக்கும் வௌவாலிடமிருந்து ஓசை எதுவும் கேட்கவில்லையே! கேட்காத ஓசையைக் காது எவ்வாறு உணரும்? இவ்வினாவுக்கு அவரால் விடை காண இயலவில்லை. அதற்காகத் தாம் கண்ட உண்மையை அவர் மறைக்கவுமில்லை. சிலர் எள்ளி நகையாடினர். பாரிஸ் அறிஞர் கூவியே, தொடு உணர்வே காரணம் என்றார். உலகமும் அதையே நம்பியது. 1799இல் ஸ்பல்லன்சானி இறைவனடி சேர்ந்தார்.

1938ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டொனால்டு கிரிஃபின் என்னும் மாணவர், பேராசிரியர் பியர்ஸ் அமைத்த கருவியின்முன் வௌவால்களைக் கொண்டு வந்தார். கருவி ஒலியைக் காட்டியது! நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி நம் செவிக்கு எட்டாது. பூச்சி தின்னும் வௌவால்கள் அத்தகைய மீயொலியை எழுப்பி, அதன் எதிரொலியால் வழியறிகின்றன. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. எனவே 1.7 மீட்டர் தொலைவிலுள்ள பொருளின் எதிரொலி நூற்றில் ஒரு நொடியில் திரும்பி வருகிறது. அதிர்வு 50,000 ஆனால் அலைநீளம் சுமார் 7 மில்லிமீட்டர். ஆகவே சிறு பூச்சியும் எதிரொலி தரும்.

கடலில் டால்பின்களும் இவ்வாறே செய்கின்றன. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் விரைகிறது. அதே அதிர்வுக்கு அலைநீளம் நான்கு மடங்குக்கும் மேல் நீள்கிறது. எனவே சிறு மீனை அறிய, டால்பின் நொடிக்கு 1,00,000க்கும் மேற்பட்ட அதிர்வுகளைப் பயன்படுத்துகிறது. இறைவனின் படைப்பில்தான் எத்தனை விந்தைகள்!

ஸ்பல்லன்சானியின் முடிவு சரியே என்று உலகம் உணர 140 ஆண்டுகளுக்கு மேலாயின. விளக்கம் கிட்டவில்லை என்பதற்காக உண்மை பொய்யாகிவிடாது. தோழியரே, ஆய்வுக்கூடத்தில் நம் கண்முன் தோன்றும் விடை புத்தகத்தோடு ஒத்துவராதபோது, அதைத் திருத்தி எழுதாமல் மீண்டும் செய்து பார்ப்போம். கண்டதைக் கண்டவாறே எழுதுவோம்.