எலும்பையே தானமாகக் கொடுத்தவர்

நான் இந்த முறை எழுதுவது ஹாரி ஈஸ்ட்லாக் பற்றி. 1933-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் பிறந்தார். சின்ன வயசில் சகோதரியோடு விளையாடும்போது கால் ஒடிஞ்சுது. அதன் பிறகு உடம்பில் வீங்கின இடமெல்லாம் தசை எலும்பாக மாறத் தொடங்கியது. வெட்டி எடுத்தால் இன்னும் அதிகமா வளர்ந்துச்சு. இது சுமார் 20 லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் நோய்.

நெஞ்சில் கை வெச்சு மூச்சை இழுத்துப் பாருங்க, விலா விரியும். அவருக்கு முதுகும் விலாவும் பூட்டுப் போட்ட மாதிரி இறுகிப் போச்சு. வாயைக்கூடத் திறக்க முடியல. 1973-ல், 40 வயது நிறைய சில நாளே இருக்கும்போது, நிமோனியா வந்து இறந்தார். தன் எலும்புக்கூட்டை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார். அது இன்றும் அவர் ஊர் மருத்துவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2006-ல் இந்த நோய்க்குக் காரணமான மரபணுவைப் பிலடெல்பியாவிலேயே கண்டுபிடிச்சாங்க.

அசைய முடியாதவரே இவ்வளவு கொடுத்தார். ஓடி ஆடும் நாம் என்ன கொடுக்கப் போகிறோம்?