ஒரே கூரையின்கீழ் இரண்டு வாத்தியார்கள்



இந்த மாதம் ஒரு மனுஷனைப் பற்றி உங்களோடு பேச வேண்டும் என்று என் உள்ளத்தில் பாரம். அவர் பிரசங்கியார் அல்ல, மிஷனெரியும் அல்ல. பாட்டு வாத்தியார். பெயர் யோஹான் செபாஸ்டியன் பாக். பெரிய வெள்ளிக்கிழமையில் பாமாலைப் புஸ்தகத்திலிருந்து பாடுகிற, ஆண்டவருடைய காயப்பட்ட சிரசைப் பற்றின அந்தப் பழைய ஜெர்மன் ராகம் உங்களில் அநேகருக்குத் தெரியும். ராகத்தை உண்டாக்கினவர் அவர் அல்ல. ஆனால் அதற்கு நாலு குரல் சேர்த்து, கேட்கிறவன் கண்ணீர் விடும்படி அமைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

ஏன் இவரைப் பற்றி எழுதுகிறேன் தெரியுமா? நான் ஒரு போர்டிங் பள்ளியில் பல வருஷம் வாத்தியாராக இருந்தவன். பாடகர் குழுவும் என் பொறுப்புதான். என்னைவிட இருபது வயது இளையவர் ஒருவர் அங்கே வேலைக்கு வந்தார். பெரிய படிப்பு படித்தவர், கெட்டிக்காரர். அவருக்கும் எனக்கும் ஒத்துப்போகவே இல்லை. அந்தக் கதையைக் கடைசியில் சொல்லுகிறேன். பாக்கின் ஜீவியத்தை வாசித்தபோது என் முகமே அதில் தெரிந்தது. முதலில் அவர் கதையைக் கேளுங்கள்.

தாயும் தகப்பனும் இல்லாத பையன்

1685-ஆம் வருஷம் ஜெர்மனியில் ஐசனாக் என்ற ஊரில் பாக் பிறந்தார். மார்ட்டின் லூத்தர் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்த கோட்டை அந்த ஊர் மலைமேல்தான் இருக்கிறது. சிறுவனாக லூத்தர் படித்த பள்ளியில்தான் பாக்கும் படித்தார். ஒன்பது வயதில் தாய் போய்விட்டாள், சில மாதத்தில் தகப்பனும் போய்விட்டார். மூத்த அண்ணன் வீட்டில் வளர்ந்தார். 15 வயதில் லூனபுர்க் என்ற ஊருக்குப் போய், பாடகர் குழுவில் பாடி, அந்தப் பாட்டினாலேயே சாப்பாடும் படிப்பும் பெற்றார். ஆக, போர்டிங் பையனுடைய கஷ்டம் அவருக்கு நன்றாய்த் தெரியும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வாலிபத்தில் பாக் பெரியவர்களுக்கு அடங்கி நடந்தவர் அல்ல. 1705-ல் ஆர்ன்ஷ்டாட் என்ற ஊரில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவனோடு நடுத்தெருவில் சண்டை. அதே வருஷம் நாலு வாரம் லீவு கேட்டுவிட்டு, ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நடந்து, லூபெக் ஊரில் ஒரு பெரிய இசை வித்துவானைக் கேட்கப் போனார். திரும்பி வந்தது நாலு மாதம் கழித்து! 1717-ல் வைமார் பிரபுவிடம் வேலையை விட்டுவிடப் பிடிவாதம் பிடித்து, ஏறக்குறைய ஒரு மாதம் காவலில் கிடந்தார். தாலந்து மலைபோல, கோபமும் அப்படியே.

1720-ல் அவர் பிரபுவோடு வெளியூர் போயிருந்தபோது மனைவி மரித்துப்போனாள். வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரியும், அடக்கம்கூட முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் அன்னா மக்டலேனா என்ற பாடகியை விவாகம் செய்தார். இரண்டு மனைவிகளிடத்திலும் பிறந்த பிள்ளைகள் 20 பேர். பெரியவர்களாகும்வரை பிழைத்தவர்கள் 10 பேர் மாத்திரமே. எத்தனை சவப்பெட்டிகளின் பின்னால் அந்த மனுஷன் நடந்திருப்பார், யோசித்துப் பாருங்கள்!

தோமா பள்ளி

1723-ல் லைப்சிக் நகரத்தின் புனித தோமா பள்ளிக்குக் காண்டராக, அதாவது பாட்டு ஆசிரியராக வந்தார். நகரசபை முதலில் கேட்டது வேறு இரண்டு பேரை. அவர்கள் வராததினால்தான் இவருக்கு இடம் கிடைத்தது. அது ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளி. விடுதிப் பையன்கள் ஏறக்குறைய 55 பேர். நகரத்தின் நாலு ஆலயங்களிலும் பாடுகிறது அவர்கள் வேலை. கலியாணத்திலும் சாவு வீட்டிலும் பாடி வருகிற காசில் வாத்தியார்களுக்கும் பங்கு உண்டு. ஊரில் சாவு குறைந்தால் வருமானம் குறைகிறது என்று 1730-ல் ஒரு பழைய சிநேகிதனுக்கு பாக் கடிதமே எழுதியிருக்கிறார்.

ஒரே ஆள் நாலு ஆலயத்தில் எப்படி நிற்கமுடியும்? ஆகவே ஒவ்வொரு குழுவுக்கும் பெரிய மாணவன் ஒருவன் தலைவன். நம்ம ஊர் வழக்கில் சட்டாம்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சட்டாம்பிள்ளை, காண்டர் இல்லாத சமயத்தில் முதல் குழுவையே நடத்தவேண்டியவன்.

1730-ல் கெஸ்னர் என்பவர் தலைமையாசிரியரானார். அவர் பாக்கை நேசித்தார், மதித்தார். அவர் இருந்தமட்டும் சமாதானம் இருந்தது. 1734-ல் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் வந்தவர் யோஹான் ஆகஸ்ட் எர்னெஸ்டி. வயது 27! பாக்குக்கு அப்போது 49. எர்னெஸ்டி பல்கலைக்கழகத்தில் படித்துத் தேறினவர், லத்தீனும் கிரேக்கும் கரைகண்டவர். பாக்கோ பல்கலைக்கழக வாசலையே மிதிக்காதவர். இப்போது இந்த வாலிபனுக்குக் கீழே வேலை செய்யவேண்டும்.

எர்னெஸ்டி கெட்டவர் அல்ல. பள்ளிக்கூடம் என்றால் படிப்புதான் முக்கியம் என்று நம்பினார், அவ்வளவுதான். பையன் வயலின் பழகுகிறதைக் கண்டால், சாராயக் கடையில் வாசிக்கப்போகிறாயா என்று கேலி செய்வாராம். பாக்குக்கோ பாட்டே ஆராதனை. எழுதின தாளின் தலைப்பில் இயேசுவின் உதவியைக் கேட்கிற இரண்டு எழுத்து, முடிவில் தேவனுக்கே மகிமை என்று பொருள்படுகிற மூன்று எழுத்து போடுகிறவர் அவர். ஆனாலும் ஆரம்பத்தில் இரண்டு பேருக்கும் நல்ல உறவு. 1735-ல் பாக்குக்குப் பிறந்த மகனுக்கு எர்னெஸ்டிதான் ஞானத்தகப்பனாய் நின்றார். ஒரே கட்டிடத்தில்தான் இரண்டு குடும்பமும் குடியிருந்தது.

1736-ல் வந்த சோதனை

ஒரு கலியாண ஆராதனையில் சின்னப் பையன்கள் சேட்டை செய்தார்கள். முதல் சட்டாம்பிள்ளை கிரௌசே அவர்களை அளவுக்கு மிஞ்சி அடித்துவிட்டான். எர்னெஸ்டி விடுவாரா? பள்ளி முழுவதற்கும் முன்பாக அவனுக்குப் பிரம்படி என்று தீர்ப்புக் கொடுத்தார். அவன் 22 வயது வாலிபன், படிப்பு முடிக்கிற தறுவாயில் இருந்தவன். பாக் போய் அவனுக்காகக் கெஞ்சினார். எர்னெஸ்டி இளகவில்லை. அவமானத்துக்குப் பயந்து அந்த வாலிபன் பள்ளியை விட்டே போய்விட்டான்.

அந்த இடத்துக்கு எர்னெஸ்டி வேறொருவனை நியமித்தார். அவன் பெயரும் கிரௌசேதான். இவனுக்குக் குழு நடத்தத் தெரியாது, ஒழுக்கமும் போதாது என்பது பாக்கின் எண்ணம். அவனை இறக்கிவிட்டார். எர்னெஸ்டி மறுபடியும் ஏற்றினார். சட்டாம்பிள்ளையைத் தெரிந்துகொள்ளுகிறது காண்டரின் உரிமை என்றார் ஒருவர். என் சம்மதம் இல்லாமல் முடியாது என்றார் மற்றவர்.

ஆகஸ்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை வேளை. பாடகர் மேடையில் நின்ற அந்தக் கிரௌசேயை பாக் எல்லாரும் பார்க்கச் சத்தம்போட்டுத் துரத்தினார். தலைமையாசிரியரோ, காண்டர் வைத்த ஆளின் கீழே பாடுகிறவனுக்குத் தண்டனை உண்டு என்று பையன்களை மிரட்டினார். அடுத்த ஞாயிறும் இதே கூத்து! நடத்தச் சொன்னால் ஒரு பையனும் முன்வரவில்லை. பாக் தன் பழைய மாணவன் ஒருவனைக் கூப்பிட்டு நடத்தவேண்டியதாயிற்று.

அந்த ஆகஸ்டில் மாத்திரம் பாக் நகரசபைக்கு நாலு மனு எழுதினார். எர்னெஸ்டி பதிலுக்கு பதில் எழுதினார். காண்டர் காசு வாங்கிக்கொண்டு குரல் இல்லாத பையனையும் தேறினவனாக்குகிறார் என்றுகூட எழுதிவிட்டார். 1737 பிப்ரவரியில் நகரசபை முடிவு செய்தது: இரண்டு பேர்மேலும் தப்பு, கிரௌசே ஈஸ்டர்வரை இருக்கட்டும். பாக் விடவில்லை. சபை ஆலோசனை மன்றத்துக்குப் போனார், அக்டோபரில் ராஜாவுக்கே எழுதினார். அதற்குள் அந்தப் பையன் பள்ளியை விட்டுப் போயே போய்விட்டான்! 1738-க்குப் பிறகு வழக்கு அப்படியே அடங்கிவிட்டது. ஜெயித்தவன் யார்? ஒருவனுமில்லை.

எனக்கன்பானவர்களே, என்னை உடைத்துப்போட்ட காரியம் ஒன்று உண்டு. மத்தேயு சுவிசேஷத்தின்படி ஆண்டவருடைய பாடுகளுக்கு பாக் அமைத்த மகா பெரிய இசையை, தன் கையினால் அழகாய்ப் பிரதி எடுத்ததும் இதே 1736-ல்தான். வேத வசனங்களைச் சிவப்பு மையினால் எழுதினார். அடிக்கப்பட்டும் வாய் திறவாத ஆட்டுக்குட்டியானவரைப் பற்றிச் சிவப்பு மையில் எழுதின கை... அதே வருஷம் ஆலயத்தில் ஒரு பையனைத் துரத்தின கை. அவர் மாய்மாலக்காரர் என்றா சொல்லுகிறேன்? இல்லை, இல்லை! உண்மையான பக்தன்தான். நியாயமும் பாதிக்குமேல் அவர் பக்கம் இருந்திருக்கலாம். ஆனால் நியாயம் நம் பக்கம் இருக்கும்போதுதான் கோபத்தை அடக்குகிறது ரொம்பக் கஷ்டம்.

பிறகு நடந்தது

அந்தக் கசப்பு சீக்கிரம் ஆறவில்லை. 1739-ல் பாடுகளின் இசைக்கு முன் அனுமதி வேண்டும் என்று நகரசபை ஆள் அனுப்பினபோது, அது எனக்கு ஒரு சுமைதான், நடக்காவிட்டால் போகட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆனாலும் தேவன் அவரைக் கைவிடவில்லை. கடைசி வருஷங்களில், கண் மங்கி, கை தளர்ந்த நிலையில், பி மைனர் மிஸ்ஸா என்ற பெரிய ஆராதனை இசையை முடித்தார். 1750-ல் கண்ணுக்கு இரண்டு தரம் ஆபரேஷன் நடந்தது, பலிக்கவில்லை. ஜூலை 28-ஆம் தேதி தம்முடைய 65-ஆம் வயதில் நித்திரையடைந்தார். அவர் மனைவி 1760-ல் தருமப் பணத்தில் பிழைத்த விதவையாக மரித்தாள்.

எர்னெஸ்டி என்ன ஆனார்? வேத வாக்கியத்தை அதன் மூல பாஷையின் இலக்கணப்படி அர்த்தம் பண்ணவேண்டும் என்று போதித்து, 1761-ல் புதிய ஏற்பாட்டு வியாக்கியானத்தைப் பற்றிப் புகழ்பெற்ற புஸ்தகம் எழுதினார். லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வேதசாஸ்திரப் பேராசிரியராகி, 1781-ல் மரித்தார். பாருங்கள்! ஒருவர் வசனத்தைப் பாட வைத்தார், மற்றவர் வசனத்தை விளங்க வைத்தார். சபைக்கு இரண்டு பேரும் தேவைதானே?

மறக்கப்பட்டிருந்த அந்த மத்தேயு இசையை 1829-ல் மெண்டல்சன் என்ற 20 வயது வாலிபன் பெர்லினில் மறுபடியும் அரங்கேற்றினான். மூத்தவரின் கனியை உலகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தது யார்? ஒரு இளையவன்தான்! 1950-ல் பாக்கின் எலும்புகளைத் தோமா ஆலயத்திலேயே கொண்டுவந்து வைத்தார்கள்.

என் கதை

இப்போது என் காரியம். அந்த இளைய வாத்தியாருக்கும் எனக்கும் நடுவே ஒரு பையன் மாட்டிக்கொண்டான். கீதப் பவனியில் அவன்தான் தனியாய்ப் பாடவேண்டும் என்று நான். பரீட்சை இருக்கிறது, கூடாது என்று அவர். நான் கூப்பிட்டால் அவர் திட்டுவார், அவரிடத்தில் போனால் நான் முகம் கொடுக்கமாட்டேன். கடைசியில் அவன் பாடுகிறதையே விட்டுவிட்டான். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கிறிஸ்மஸில் பாட்டும் இல்லை, சமாதானமும் இல்லை. நான் ரிட்டயர் ஆகும்வரை அவரோடு பேசவில்லை.

பவுலுக்கும் பர்னபாவுக்கும் நடுவே மாற்கு என்ற வாலிபனால் மூண்ட கடுங்கோபத்தை வேதம் மறைக்கவில்லை. ஆனால் பிற்பாடு அந்த மாற்குவையே தனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று கூட்டிவரச் சொன்னார் பவுல். இதை எழுத உட்காருமுன் நான் அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். அவருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. உள்ளே வாங்க அண்ணே என்றார். அரைமணி நேரம் ஒன்றும் பேசவரவில்லை. அப்புறம் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பையன் எங்கே இருக்கிறான் என்று இரண்டு பேரும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில், பள்ளியில், பாடகர் குழுவில் மூத்தவர் இளையவர் என்ற போராட்டம் உண்டா? மூத்தவரே, இளையவனுக்கு இடம் கொடுங்கள். தம்பி, மூத்தவருக்குக் கனம் கொடுங்கள். நடுவே நிற்கிற பிள்ளையைப் பாருங்கள். தேவன்தாமே நம்மை ஒருமனப்படுத்துவாராக. ஆமென்.