தயிரைக் கொண்டு முதுமையை எதிர்த்தவர்

1882-ம் ஆண்டு. ஸிஸிலித் தீவிலே மெஸ்ஸினா நகரம். வீட்டார் அனைவரும் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்தார்கள். ருஷ்ய விஞ்ஞானி ஒருவர் மட்டும் மைக்ராஸ்கோப்பின் முன் தனியே உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் சில அணுக்கள் நகர்ந்து திரிவதைக் கண்டார். இவை உடலின் காவற்படையோ? தோட்டத்துக்குப் போய் ரோஜா முட்களைப் பறித்து வந்து அக்குஞ்சின் உடலில் செருகினார். அன்றிரவு அவருக்கு உறக்கமே இல்லை. விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்துக் கொண்டிருந்தன!

அவர்தான் இல்யா மெச்னிகாப். 1845-ல் கார்க்காப் நகருக்கு அருகே பிறந்தவர். சிறு வயதிலேயே பெரிய படிப்பு. ஆனால் வாழ்வில் துயரத்துக்குக் குறைவில்லை. முதல் மனைவி லுத்மிலா க்ஷயரோகி. திருமணத்தன்று மாதாகோயிலுக்கு அவளை நாற்காலியில் வைத்தே தூக்கிச் சென்றார்கள். 1873-ல் அவள் மடிந்ததும், மனமுடைந்த மெச்னிகாப் உயிரைப் போக்கிக்கொள்ள மார்பியாவை விழுங்கினார். அளவு மிஞ்சியதால் வாந்தி எடுத்துப் பிழைத்தார். விஞ்ஞானம் செய்த பாக்கியம் என்றே சொல்லவேண்டும்.

1888-ல் பாரிஸில் பாஸ்டர் நிலையத்தில் இடம் கிடைத்தது. நோய்க் கிருமிகளை வெள்ளணுக்கள் விழுங்குகின்றன என்ற கொள்கைக்காக 1908-ல் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதற்குள் அவர் மனம் முதுமையின் மீது பாய்ந்திருந்தது. பெருங்குடலில் உணவை அழுக வைக்கும் கிருமிகளே நஞ்சை உண்டாக்கி மனிதனைக் கிழவனாக்குகின்றன என்று கருதினார். பல்கேரியக் குடியானவர்கள் தயிர் உண்டு நெடுநாள் வாழ்வதாகக் கேள்வி. அந்தத் தயிரிலுள்ள கிருமியை 1905-ல் கிரிகோராப் என்ற பல்கேரிய இளைஞர் கண்டறிந்தார். பாலின் சர்க்கரையைப் புளிப்பாக மாற்றும் கிருமி அது. அந்தப் புளிப்பில் அழுகற் கிருமிகள் தழைப்பதில்லை. மெச்னிகாப் நாள் தவறாமல் புளித்த பாலை அருந்தலானார். பாரிஸ் கடைகளில் அதற்கு ஏகக் கிராக்கி!

அவர் சொன்னதெல்லாம் சரியல்ல. பல்கேரியக் கிருமி குடலில் நிலைத்துக் குடியிருப்பதில்லை என்று பிறகு தெரிந்தது. பெருங்குடல் வெறும் நச்சுக் கிடங்குமல்ல. அங்குள்ள கிருமிகளில் பல நமக்கு உதவுபவை. ஆயினும் நல்ல கிருமியை உணவாக உட்கொள்ளலாம் என்ற எண்ணம் வீண்போகவில்லை. ஜப்பானிய டாக்டர் ஷிரோட்டா 1930-ல் குடலை உயிரோடு எட்டும் கிருமி ஒன்றை வளர்த்தெடுத்தார். பால் செரிக்காத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வதும், ஆண்டிபயாடிக் மருந்தால் வரும் வயிற்றுப்போக்கைச் சில கிருமிகள் தடுப்பதும் இன்று ஆராய்ச்சியில் தெரிந்தவை.

மெச்னிகாப் 1916 ஜூலையில் இருதய நோயால் காலமானார். வயது 71. தயிர் உண்டும் இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவருடைய அண்ணன் இவான் 1881-லேயே போய்விட்டவர். டால்ஸ்டாய் எழுதிய இவான் இல்யிச்சின் மரணக் கதைக்கு மூலம் அவர்தான். தம்பியின் சாம்பல் பாஸ்டர் நிலையத்து நூலகத்தில் வைக்கப்பட்டது.