தமிழ் எழுத்தை அச்சேற்றிய அண்டிரிக் அடிகளார்



இந்தத் தாளில் உள்ள தமிழ் எழுத்துக்களை நீங்கள் தடையின்றி வாசிக்கிறீர்கள். நம் எழுத்து முதலில் எப்போது அச்சேறியது, அதற்காக உழைத்தவர் யார் என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். விடை தெரியாவிட்டால் இந்த வரலாற்றை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அவர் பெயர் அன்ரிக் அன்ரிக்கஸ். தமிழ் நாவில் அது அண்டிரிக் ஆயிற்று. 1520-ம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டில் விலா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். யூத வழிவந்த குடும்பம். அந்த ஒரே காரணத்தால், பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்த அவர் அதை விட்டு வெளியேற நேர்ந்தது. 1545-ல் சேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே கப்பலேறி இந்தியா வந்தார். அதன்பின் முத்துக்குளித்துறையே அவருக்குச் சொந்த ஊராயிற்று.

அவருக்கு முன்பே, 1542-ல், அர்ச். பிரான்சிஸ்கு சவேரியார் அந்தக் கடற்கரைக்கு வந்திருந்தார். இரு மொழியும் அறிந்தவர்களின் துணையோடு ஜெபங்களைத் தமிழாக்கி, மணி அடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். ஆயினும் அவசரத்தில் செய்த மொழிபெயர்ப்பில் பிழைகள் புகுந்தன. விசுவாசப் பிரமாணத்தில், விசுவசிக்கிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வேண்டும் என்ற சொல் நின்றுவிட்டது. 1544-ல் சவேரியாரே தம் தோழருக்குக் கடிதம் எழுதி அதைத் திருத்தச் சொன்னார். எண்ணிப் பாருங்கள்: மக்கள் பக்தியோடுதான் அதை ஓதினார்கள். ஆனால் அவர்கள் வாயில் இருந்தது விசுவாசம் அல்ல, வேறொரு பொருள்.

அண்டிரிக் அடிகளார் இந்தக் குறையைக் கண்டார். மொழிபெயர்ப்பாளரின் வாயை நம்பிப் பிரசங்கம் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. பள்ளிப் பிள்ளையைப்போல் உட்கார்ந்து தமிழ் கற்றார். வினைச்சொல் எப்படித் திரிகிறது, வேற்றுமை எப்படி வருகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தார். சில மாதங்களில் துபாசி இல்லாமலே பேசத் தொடங்கினார். அந்தக் குறிப்புகள் ஓர் இலக்கண நூலாகவே வளர்ந்தன. அதன் கையெழுத்துப் படி இன்றும் லிஸ்பன் நகர நூலகத்தில் இருக்கிறது.

வேதபோதகருக்கு அது அமைதியான காலமும் அல்ல. 1549-ல் அந்தோனியோ கிரிமினாலி சுவாமி வேதாளையில் கொல்லப்பட்டார். அவருக்குப்பின் அந்தக் கரையின் பொறுப்பு அண்டிரிக் அடிகளார் தோளில் விழுந்தது. அத்தனை கவலைகளுக்கு நடுவிலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

இனி அச்சுக்கு வருவோம். 1554-ல் லிஸ்பனில் ஒரு தமிழ் ஞானோபதேச நூல் வெளிவந்தது. ஆனால் அதில் தமிழ்ச் சொற்கள் இலத்தீன் எழுத்தில் இருந்தன. 1556-ல் கோவாவுக்கு அச்சு இயந்திரம் வந்தது. தமிழ் எழுத்துக்களை ஈயத்தில் வார்ப்பதற்கு மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. முத்துக்குளித்துறை மக்கள் அதற்குப் பணம் கொடுத்து உதவினார்கள். 1578-ம் ஆண்டு அக்டோபர் 20-ம் நாள் கொல்லத்தில் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் அச்சாகி வெளிவந்தது. 16 பக்கமே உள்ள சிறு நூல். இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் இதுவே முதலாவது. ஓலையில் எழுதும் வழக்கப்படியே இதிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. ஆண்டவரைக் குறிக்கத் தம்பிரான் என்று மக்கள் அறிந்த சொல்லையே அவர் எடுத்துக்கொண்டார்.

1579-ல் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம், 1580-ல் பாவசங்கீர்த்தன நூல், 1586-ல் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட அர்ச்சிஷ்டவர்களின் சரித்திரம் என நூல்கள் தொடர்ந்து வெளிவந்தன.

பிரியமான பெற்றோரே, இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஓலையில் பிழை இருந்தால் ஓர் ஓலையோடு நிற்கும். அச்சில் விழுந்த பிழையோ படிக்குப் படி பெருகும். அடிகளார் சொல்லைச் சரிபார்த்த பிறகே இயந்திரத்திடம் கொடுத்தார். தமிழ் கற்க வந்து முப்பது ஆண்டு கடந்த பின்னரே அவருடைய முதல் நூல் அச்சேறியது. இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைப்பேசி, எந்த அச்சுக்கூடத்தையும்விட வேகமானது. யாரோ அனுப்பிய அற்புதச் செய்தியையும் அயலாரைப் பழிக்கும் செய்தியையும் உண்மையா என்று கேளாமல் நூறு பேருக்கு அனுப்பிவிடுகிறோம். பத்தாம் கற்பனை, பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாம் கற்பனை எல்லாம் கைப்பேசிக்கும் உண்டு என்பதை மறக்கிறோம்.

இன்னொன்று. அந்நியர் ஒருவர் கடல் கடந்து வந்து நம் எழுத்தைக் கற்றார். நம் வீடுகளிலோ, ஜெபங்களைக் காதால் கேட்டு ஒப்பிக்கும் பிள்ளைகள் பலருக்கு அவற்றைத் தமிழில் வாசிக்கத் தெரியவில்லை. பொருள் தெரியாமல் ஓதும் ஜெபம் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம்.

1600-ம் ஆண்டு புன்னைக்காயலில் அடிகளார் மரணமடைந்தார். அவருக்காகக் கிறிஸ்தவர்கள் மட்டுமன்றி, அக்கம்பக்கத்து முஸ்லிம்களும் இந்துக்களும் துக்கம் கொண்டாடினார்கள். ஒரு மக்களின் மொழியை மதித்தவரை அந்த மக்கள் தம்மவராகவே எண்ணினார்கள்.

ஆகவே இந்த வாரம் குடும்ப ஜெபத்துக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பிள்ளைகளை விசுவாசப் பிரமாணத்தைப் புத்தகம் பார்த்து வாசிக்கச் செய்யுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேளுங்கள். தெரியாத சொல்லைப் பெரியவர்களும் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.